பஞ்சப்படியும் ரோஸ்டரும்: திருச்சி அலுவலகச் சங்கக் கிளைகளின் வரலாறு, நம் பக்கத்திலிருந்து

(சமயபுரத்தில் நிகழ்த்தப்பட்ட தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்குத் தலைப்புக் கேட்டபோது, அலுவலக ஊழியர் சங்கக் கிளைகளின் வரலாற்றைப் பேசுகிறேன் என்றேன். ஏற்பாடு செய்த தம்பிகளில் ஒருவர், "ஐயா, தாத்தா நினைவு நாளில் பஞ்சப்படிக் கதையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்த உரையை அமைத்துக்கொள்கிறேன்.

நம்மில் பாதிப் பேர் தினமும் காலையில் சமயபுரம் நாற்ரோட்டில் பேருந்து ஏறி, நம்பர் ஒன் டோல்கேட் கடந்து, கொள்ளிடமும் காவிரியும் தாண்டி, சத்திரத்தில் இறங்கி ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். போகாதவர்களின் அப்பாவோ அக்காவோ போகிறார்கள். அந்த அலுவலகத்தில் நமக்கு ஒரு நாற்காலி எப்படிக் கிடைத்தது, அதைக் காப்பாற்றியது யார், அதற்கு மேலே உள்ள நாற்காலிக்கு நாம் போகவிடாமல் தடுத்தது எது என்று கேட்டால் அது வெறும் சம்பளக் கதை அல்ல. நம் அரசியல் வரலாற்றின் ஒரு நடுப்பக்கம்.

அலுவலகத்தின் வாசல்

தாத்தாவே ஓர் அலுவலக ஊழியர்தான். நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். மேசையின் அதிகாரம் என்னவென்று அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய அதே ஆண்டில் அவர் கையிலெடுத்த பெரிய பிரச்சினை, அலுவலகத்தில் யார் உட்காருவது என்பதுதான். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே தேர்வு வைத்தால் படிப்பைத் தங்கள் கையில் வைத்திருந்த சாதியினரே அத்தனை இடங்களையும் பிடிப்பார்கள், அவர்கள் அதிகாரிகளாக வந்து நம்மையே ஆள்வார்கள் என்று தாத்தா எதிர்த்தார். 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கினார். 112 அடி நீளமிருந்த அந்த மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

அந்த நிலைப்பாட்டை இன்றும் பலர் வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தது என்கிறார்கள். மனுவின் உள்ளே இருக்கும் கேள்வியை அவர்கள் படிப்பதில்லை. தேர்வு எல்லோருக்கும் பொது என்று சொன்னால் மட்டும் போதுமா, தேர்வறை வரைக்கும் வர யாருக்கு வழி இருக்கிறது என்பது அந்தக் கேள்வி. 130 ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடு இருக்கிறது.

வழி என்று நான் சொல்வது உவமை அல்ல. சென்னை மாகாண சட்டமன்றத்தில் தாத்தா கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணை 2660 வந்தது. எந்தச் சமூகத்தாரும் பொதுச் சாலையில் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்று அது சொன்னது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: அரசு அலுவலக வளாகத்துக்குள் நுழையலாம் என்பது. இன்று நாம் கார்டு தேய்த்து உள்ளே போகிற வாசலைத் தாண்டுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசாணை தேவைப்பட்டது.

வாசல் திறந்த பிறகு நாற்காலி எத்தனை? 1920-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உரிமை ஆணையின்படி, 12 பணியிடங்களில் 1 தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு. 1947-இல் அது மாற்றியமைக்கப்பட்டபோது 14-இல் 2. நம் முதல் தலைமுறை எழுத்தர்கள் இந்தக் கணக்கின் வழியாக உள்ளே வந்தவர்கள்.

பட்டறையும் மேசையும்

திருச்சியில் தொழிற்சங்கம் என்றாலே பேச்சு பொன்மலையிலிருந்துதான் தொடங்கும். அது சரியே. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையகம் திருச்சி. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை பொன்மலைக்கு மாறிய காலத்தில், ஆட்குறைப்புக்கும் தொழில்திறன் சோதனைக்கும் எதிராக 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாகித் தண்டிக்கப்பட்டார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றும் ஒவ்வொரு செப்டம்பர் 5-க்கும் அந்தத் திடலில் கூடுகிறார்கள். நாமும் போக வேண்டும், போகிறோம்.

ஆனால் அந்த வரலாறு பெரும்பாலும் பட்டறையின் வரலாறு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் கதை அதில் குறைவு. மேசையைத் துடைத்தவர்களின் கதை அதைவிடக் குறைவு. பட்டறையில் இரும்பு எல்லோர் கையையும் ஒரே மாதிரி கறுப்பாக்கும். அலுவலகத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரே அறையில் எழுத்தர், தட்டச்சர், பியூன், பெருக்குபவர் என்று நான்கு படி. படிக்கு ஒரு சாதி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலேயே நடந்தது.

அலுவலக ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஆக்கியது பஞ்சப்படிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விலைவாசியில், கோட்டுப் போட்ட குமாஸ்தாவுக்கும் அரிசி வாங்கப் பணம் போதவில்லை. விலை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்ற கோரிக்கைக்குத் தமிழில் வைத்த பெயரிலேயே பஞ்சம் இருக்கிறது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அது முக்கியக் காரணம். 1968 செப்டம்பர் 19 அன்று தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்காக ஒரு நாள் நிறுத்தினார்கள். பல இடங்களில் துப்பாக்கிச்சூடும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. 1974 மே மாதம் 8 முதல் 27 வரை ரயில்வே நின்றது. தமிழ்நாடு அரசு ஊழியர்கள் 1988-இல் ஆளுநர் ஆட்சிக் காலத்தில் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மத்திய அரசுக்கு இணையான ஊதியம் வந்தது.

இந்த வெற்றிகளில் நம் பங்கு உண்டு, பலனும் உண்டு. காலனியில் முதல் மாடி வீடு எழும்பியது பஞ்சப்படி நிலுவைத் தொகையில்தான் என்று சொல்லும் குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. சங்கத்தை எதிரியாகப் பார்க்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

மன்மாடில் எழுந்த கேள்வி

1938 பிப்ரவரி 12, 13 தேதிகளில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. தலைமை அண்ணல் அம்பேத்கர். தொழிலாளருக்கு இரண்டு எதிரிகள், பார்ப்பனியமும் முதலாளியமும் என்று அவர் சொன்னது அங்கேதான். பார்ப்பனியம் என்றால் ஒரு சாதியின் ஆட்களை அல்ல, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனநிலையைச் சொல்கிறேன், அது எல்லாச் சாதியிலும் இருக்கிறது என்று விளக்கியதும் அங்கேதான். அந்த வரி நமக்குப் பாடம். ஆனால் அந்த உரையின் பெரும்பகுதி என்னவென்று பலருக்குத் தெரியாது. அது பதவி உயர்வுக் கணக்கு.

ரயில்வேயில் நம்மாள் கேங்மேனாகச் சேருகிறான், கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறான், ஏன்? போர்ட்டர் வேலை அவனுக்கு ஏன் கிடைப்பதில்லை? போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், நம்மாளை வீட்டுக்குள் விட முடியாது, அதனால். பட்டறையிலும் சில பிரிவுகளின் கதவு அவனுக்கு மூடியிருக்கிறது. இப்படி வேலை வேலையாக, பதவி பதவியாக எண்ணிக் காட்டினார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் நம்மவரைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் தீட்டு. 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போதே இதை அவர் சங்கத் தலைவர்களிடம் கேட்டிருந்தார்.

தனியாக மாநாடு போட்டுத் தொழிலாளர் ஒற்றுமையை உடைக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே வந்தது. அவர் பதில் எளிமையானது. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைச் சாதி சொல்லித் தடுப்பதுதான் பிளவு. அந்தத் தடையை எடு என்று சொல்வது பிளவு ஆகாது.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பேசினார். வேலைநிறுத்தம் குற்றம் அல்ல, ஒப்பந்த மீறல் மட்டுமே; ஒருவனை விருப்பமின்றி வேலை செய்ய வைப்பது அவனை அடிமையாக்குவது; ஆகவே வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் இன்னொரு பெயர் என்று வாதாடினார். நவம்பர் 7 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தியது. பிப்ரவரியில் தனி மாநாடு, நவம்பரில் கூட்டு வேலைநிறுத்தம். இரண்டையும் ஒரே ஆண்டில் செய்தவர் ஒரே மனிதர். இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். நமக்கு இந்த இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் மன்மாடையும் பம்பாயையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ரங்காச்சாரி வழக்கு

வைசிராய் நிர்வாகக் குழுவில் அண்ணல் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1943-இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ சதவீத இட ஒதுக்கீடு வந்தது. 1946-இல் அது 12½ ஆனது. 1970-இல் 15. இது நுழைவு. உள்ளே போனபின் மேலே ஏறுவது எப்படி?

1959-இல் ரயில்வே வாரியம் மூன்றாம் பிரிவுப் பணியில் தேர்வு முறைப் பதவி உயர்வுகளுக்கும் ஒதுக்கீடு உண்டு என்று சுற்றறிக்கை விட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் நம் தென்னக ரயில்வே ஊழியர் ஒருவர். சென்னை உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1961 ஏப்ரல் 28 அன்று அதைத் திருப்பியது. ஐந்து நீதிபதிகளில் மூவர் பதவி உயர்விலும் ஒதுக்கீடு செல்லும் என்றார்கள், இருவர் மறுத்தார்கள். 'பொது மேலாளர், தென்னக ரயில்வே எதிர் ரங்காச்சாரி' என்ற அந்த வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியா முழுவதும் நம் எழுத்தர்களைக் காத்தது. மூன்றுக்கு இரண்டு என்ற நூலிழை வித்தியாசம் அது.

1980-இல் இன்னொரு வழக்கு வந்தது. ரயில்வேயில் ஒதுக்கீட்டை எதிர்த்த, பட்டியல் இனத்தவர் அல்லாத ஊழியர்களின் சங்கம் தொடுத்தது. அந்தச் சங்கத்தின் பெயரைக் கேளுங்கள்: அகில பாரதிய சோஷித் கர்மசாரி சங்கம். சோஷித் என்றால் சுரண்டப்பட்டவர்! நீதிபதி கிருஷ்ண அய்யர் அமர்வு ஒதுக்கீட்டை உறுதி செய்து மனுவைத் தள்ளியது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தச் சங்கத்துக்குச் சாதகமாகச் சொன்னது: அங்கீகாரம் இல்லாத சங்கமும் வழக்குத் தொடரலாம். எதிர்த்தரப்பு வாங்கிக் கொடுத்த அந்த உரிமை நமக்கும் பயன்பட்டது.

ஏனென்றால் நம் சங்கங்கள் அங்கீகாரம் இல்லாதவை. சாதி, பழங்குடி, மத அடிப்படையில் அமைந்த சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது என்பது மத்திய அரசு ஊழியர் சங்க விதி. 1959 விதிகளிலும் இருந்தது, 1993 விதிகளிலும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல விதிதான். நடைமுறையில் என்ன ஆகிறது? சாதியின் பெயரால் வேலையைப் பிரித்த அலுவலகத்தில், அதே சாதியின் பெயரால் நியாயம் கேட்கும் சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்கு வர முடியாது. மனு கொடுக்கலாம், அதிகாரி விரும்பினால் சந்திக்கலாம். அங்கீகாரம் பெற்ற சங்கம் மேசையில் உட்கார்ந்திருக்கும், ஆனால் அது ரோஸ்டரைப் பற்றிப் பேசாது. ரோஸ்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வராந்தாவில் நிற்பார்கள்.

1992 நவம்பர் 16 அன்று இந்திரா சஹானி தீர்ப்பு ரங்காச்சாரியை மாற்றியது. 1995-இல் 77-ஆவது திருத்தம் 16(4அ) பிரிவைச் சேர்த்துப் பதவி உயர்வு ஒதுக்கீட்டை மீட்டது. 2001-இல் 85-ஆவது திருத்தம் அதோடு வரும் முதுநிலையைக் காத்தது. 2006-இல் நாகராஜ் தீர்ப்பு புதிய நிபந்தனைகளை வைத்தது. நீதிமன்றத்தில் தொலைந்ததை நாடாளுமன்றத்தில் மீட்க வேண்டியிருந்தது. ஊர் ஊராக ஊழியர்கள் மனு போட்டு, மாநாடு கூட்டி, சந்தா சேர்த்து நடத்திய வேலை அதன் பின்னால் இருக்கிறது.

ஒரு கிளையின் கதை

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். திருச்சியில் ஒரு பொதுத்துறை அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் இறுதியில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது கிளைச் சங்கத்தில் அறுபது பேருக்கு மேல். நம்மவர்கள் ஒன்பது பேர், அதில் ஆறு பேர் பியூன்கள். சம்பள நாளன்று சங்கப் பொருளாளர் வாசலில் நிற்பார். சந்தா கொடுத்தால் இளஞ்சிவப்பு ரசீது. மாதம் ஒரு வாயிற்கூட்டம். தீர்மானப் புத்தகம் ஒன்று, காலிகோ அட்டை போட்டது.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஓர் அதிகாரி நம் பியூன் ஒருவரைத் தன் வீட்டுக் கழிவறையைக் கழுவச் சொன்னார். அவர் மறுத்தார். மெமோ வந்தது. சங்கம் அன்று மதியமே வேலையை நிறுத்தி வாசலில் கூடியது. மாலைக்குள் மெமோ திரும்பப் பெறப்பட்டது. கோஷம் போட்டவர்களில் பெரும்பாலானோர் நம் சாதி இல்லை. அன்றைக்கு எனக்குச் சங்கத்தின் மேல் வந்த மதிப்பு இன்றுவரை போகவில்லை.

இரண்டாண்டு கழித்து நாங்கள் ஒரு தீர்மானம் கொண்டுபோனோம். ரோஸ்டர் பதிவேட்டைக் காட்டச் சொல்லி நிர்வாகத்தைச் சங்கம் கேட்க வேண்டும் என்பது தீர்மானம். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைய நேரடி நியமன ரோஸ்டர் நாற்பது புள்ளி. 1, 8, 14, 22, 28, 36 ஆகிய ஆறு இடங்கள் பட்டியல் சாதிக்கு. 4, 17, 31 ஆகிய மூன்று பழங்குடிக்கு. பதவி உயர்வுக்கும் இதே போல ஒரு பதிவேடு. மேலே ஏறும் ஒவ்வொருவரையும் வரிசையாக எழுதி எந்தப் புள்ளியில் யார் என்று குறிக்க வேண்டும். தகுதியானவர் இல்லை என்று எழுதித் தள்ளிப்போடலாம். பழைய பதிவேட்டை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கலாம். தற்காலிகப் பதவி உயர்வு என்று சொல்லி ரோஸ்டருக்கு வெளியிலேயே ஆளை ஏற்றிவிடலாம். நாற்காலி பறிபோவது கூச்சல் போட்டு அல்ல, சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதித்தான்.

கிளைச் செயலாளர் நல்ல மனிதர், சிறைக்குப் போனவர். தீர்மானத்தைப் படித்துவிட்டு, "தோழர், இது சாதிப் பிரச்சினை. சங்கத்துக்குள் கொண்டுவராதீர்கள், உடைந்துவிடும்" என்றார். மெமோ விஷயத்தில் அது சாதிப் பிரச்சினையாக அவருக்குத் தெரியவில்லை. யார் கழிவறை கழுவ வேண்டும் என்பது தொழிற்சங்கப் பிரச்சினை, யார் தலைமை எழுத்தர் ஆவது என்பது சாதிப் பிரச்சினை! மேலே ஏறும் படியில் அவருடைய உறுப்பினர்களும் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தீர்மானத்தை வழிமொழிய ஒருவரும் எழவில்லை. கடைசியில் தபால் பிரிவில் இருந்த ஓர் எழுத்தர் கையைத் தூக்கினார். நம்மவர் அல்ல. "பதிவேட்டைப் பார்ப்பதில் என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டார். தீர்மானம் தோற்றது. ஆனால் அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

நாங்கள் தனிச் சங்கம் தொடங்கினோம். இரண்டிலும் சந்தா கட்டினோம். பிளவுவாதிகள் என்ற பெயர் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் மனு. ஒருவழியாகத் தொடர்பு அதிகாரி முன்னிலையில் பதிவேடு திறக்கப்பட்டது. மூன்று புள்ளிகள் தாண்டப்பட்டிருந்தன. மெமோ வாங்கிய அந்தப் பியூன் அதற்குள் தபாலில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். அவர் எழுத்தரானார். தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றார். அவர் பிரிவுபசார விழாவில் பழைய கிளைச் செயலாளர் பேசினார்: "அன்றைக்கு நான் வழிமொழிந்திருக்க வேண்டும்." இப்படிச் சொல்வதற்கும் ஒரு நேர்மை வேண்டும். ஆனால் அந்தத் தாமதத்தில் இன்னும் இரண்டு பேர் பியூன்களாகவே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

2003

நம்மில் சிலர் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் அவர்கள் சண்டை, நமக்கு ரோஸ்டர் போதும் என்றார்கள். அதற்குப் பதில் 2003-இல் கிடைத்தது.

ஓய்வூதிய, இதர உரிமைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை 2 அன்று தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு அவசரச் சட்டத்தைக் கொண்டு 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றி வேலைநீக்கம் செய்தது. இரவோடு இரவாகக் கைதுகள். டி.கே. ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தபின் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். 1938-இல் அண்ணல் சுதந்திரத்தின் மறுபெயர் என்று சொன்னதற்கு 2003-இல் தார்மீக உரிமைகூட இல்லை என்று ஆனது.

எங்கள் தெருவில் ஒரு தங்கை. குடும்பத்தில் முதல் பட்டதாரி, தட்டச்சர். நீக்கப்பட்டவர்களில் ஒருத்தி. மற்றவர்களுக்கு வேலை போனால் வயலோ கடையோ மாமனார் வீடோ இருக்கும். அவளுடைய சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட்டார்கள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "அண்ணே, ரோஸ்டர்ல வந்த வேலையத்தான் ஒரு ராத்திரியில எடுத்துட்டாங்க" என்றாள். வேலைக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஒதுக்கீடு காகிதம். அதை அவள் எங்கள் எல்லோரையும்விடச் சுருக்கமாகச் சொன்னாள்.

பதிவேட்டில் எண் இல்லாதவர்கள்

இப்போது நம் தவறுக்கு வருகிறேன்.

நான் சொன்ன அலுவலகத்தில் பெருக்கிக் கழுவிய பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். அருந்ததியர். முதலில் நிரந்தரப் பணியிடங்கள். அவர்கள் ஓய்வு பெற்றபின் அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை, ஒப்பந்ததாரரிடம் போயின. கிளைச் சங்கம் கேட்கவில்லை, அவர்கள் தன் உறுப்பினர்கள் இல்லை என்பதால். நம் சங்கமும் கேட்கவில்லை. எங்கள் கவனம் எழுத்தர் பதவி உயர்வில் இருந்தது. எங்களுக்கு எதிராக மற்றவர்கள் சொன்ன அதே காரணத்தை நாங்கள் அந்தப் பெண்களிடம் சொன்னோம்: இது நம் சங்கத்தில் வராது. நமக்குக் கீழே இன்னொரு படி இருந்ததை நாங்கள் பார்க்க விரும்பவில்லை.

2009-இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றபோதும் அதே முகச்சுளிப்பைப் பார்த்தேன். "சங்கம் உடைந்துவிடும்" என்று அன்று என்னிடம் சொன்ன கிளைச் செயலாளரின் குரல் இப்போது நம் தொண்டையிலிருந்து வருகிறது. அதை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

ஒப்பந்தப் பணியிடத்துக்கு ரோஸ்டர் இல்லை. பஞ்சப்படியும் இல்லை. ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அந்தத் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெருக்கும் வேலையில் தொடங்கியது காவல், ஓட்டுநர், கணினிப் பதிவு என்று மேசை வரைக்கும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து நாள்கணக்கில் உட்கார்ந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நாம் பார்த்ததுதான். அவர்கள் கேட்டது ரோஸ்டருக்கும் முந்தைய ஒன்று. பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

பஞ்சப்படி பேசும் சங்கமும் ரோஸ்டர் பேசும் சங்கமும் இனிச் சேர்ந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். பணியிடமே ஒப்பந்ததாரரிடம் போய்விட்டால் இரண்டு சங்கத்துக்கும் உறுப்பினர் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை

ஆய்வு மாணவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். தலைவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. கிளைகளின் வரலாறு எழுதப்படவில்லை. அது பெரிய நூலகங்களில் இல்லை. ஓய்வுபெற்ற எழுத்தர்களின் பரண்மேல், டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. மூன்றைத் தேடுங்கள். தீர்மானப் புத்தகம்: எது நிறைவேறியது என்பதோடு எது தோற்றது, யார் வழிமொழியவில்லை என்றும் பாருங்கள். சந்தா ரசீதுகள்: யார் உறுப்பினர், யார் அல்ல என்பதை அவை சொல்லும். ரோஸ்டர் பதிவேடு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், சிவப்பு மைக் குறிப்புகளைப் படியுங்கள். பிறகு அந்த மூன்றிலும் பெயர் இல்லாதவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெருக்கியவர்கள் நினைவில்தான் அந்த அலுவலகத்தின் முழு வரலாறு இருக்கிறது.

பஞ்சப்படிக் கதையா என்று கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். 112 அடி நீள மனுவில் 3,412 பேர் போட்ட கையெழுத்து, அலுவலகத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றியது. இன்று அந்த மனுவை மறுபடி எழுதினால் முதல் கையெழுத்து யாருடையதாக இருக்க வேண்டும்? நாளைக் காலை நீங்கள் அலுவலகம் போகும்போது, உங்களுக்கு முன்னால் வந்து உங்கள் மேசையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும் அம்மாவிடம் பெயரைக் கேளுங்கள். எந்த ஒப்பந்ததாரர், மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று கேளுங்கள். கேட்டதை அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். வழிமொழிய யாரும் எழவில்லை என்றால் நீங்கள் எழுங்கள்.